ஆச்சியின் நோட்டோடு தேரிக்காட்டுப் பயணம்

வியாழன், பாளையங்கோட்டை

ஆச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள், கர்த்தருக்குள் நித்திரையடைந்து வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம். மறுநாளே குருத்தோலை ஞாயிறு என்பதால் நினைவு ஸ்தோத்திரத்தை அன்றைக்கே ஊர்க் கோயிலில் வைத்துக்கொள்வோம் என்று மாமா சேகரகுரு ஐயரிடம் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம்) பேசி முடித்துவிட்டார். சனிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் அம்மா சொன்னாள். நான்தான் முன்னாலேயே கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆச்சி பயிற்சி எடுத்த பாளையங்கோட்டை, பாடம் நடத்திய ஊர், பிறந்த இடையன்குடி மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட வேண்டும். அன்றன்றைக்கு ராத்திரி எழுதிப் போடுகிறேன். தூக்கம் வந்துவிட்டால் பாதியில் நிற்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டு வந்து இறக்கியது. ஜங்ஷனில் இட்லி, அங்கிருந்து ஆட்டோவில் பாளை. வெயில் ஒன்பது மணிக்கே தொடங்கிவிட்டது.

ஆச்சி பிறந்தது 1938. ஆசிரியர் பயிற்சி முடித்தது பாளையங்கோட்டை சாராள் தக்கரில். 1957ல் ஒரு டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து 1996ல் அதே பள்ளியில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். டி.டி.டி.ஏ. என்றால் திருநெல்வேலித் திருமண்டலத்துப் பள்ளி என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் கல்யாணம், பிள்ளைகள், அதில் ஒன்று நான்கு வயதில் தவறியது. அவ்வளவுதான் ஜாதகம். வெளிநாடு போனதில்லை. மதராஸுக்கு வந்தாலும் மூன்றாம் நாள் மூட்டையைக் கட்டிவிடுவாள்.

சாராள் தக்கர் யார் என்று நான் சின்ன வயதில் கேட்டபோது ஆச்சி சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: “இந்தப் பக்கமே வராத ஒரு அம்மா.” உண்மைதான். இங்கிலாந்தில் இருந்துகொண்டே, இங்குள்ள மிஷன் ஊர்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். உடல்நலம் இல்லாதவர். அவர் இறந்த பிறகு அவர் பெயரில் அங்கே திரட்டிய பணத்தில்தான் இங்கே பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி வந்தது. பிறகு 1895ல் கல்லூரி. திருநெல்வேலி மண்ணை மிதிக்காத ஒருத்தியின் பேரைச் சொல்லித்தான் இந்த ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். வளாகத்துக்குள் மரநிழல் நன்றாக இருந்தது. காவலாளி, “பரீட்சை நேரம், உள்ளே ரொம்பத் தூரம் போகாதீங்கம்மா” என்றார். வாசலோடு திரும்பினோம்.

அங்கிருந்து முருகன்குறிச்சி ஊசிக் கோபுரம். ரேனியஸ் ஐயர் கட்டி 1826ல் பிரதிஷ்டையான தூய திரித்துவ ஆலயம். பயிற்சிக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வரிசையாக நடத்தி இங்கேதான் கூட்டிவருவார்களாம். வரிசையில் பேசினால் அடுத்த வாரம் வீட்டுக்குக் கடிதம் போட விடமாட்டார்கள். ஆச்சி நான்கு வாரம் கடிதம் போடவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதாவது பேசியிருக்கிறாள்.

ஆனால் பாளையங்கோட்டையில் ஆச்சிக்குப் பிடித்த கோயில் ஊசிக் கோபுரம் இல்லை. பழைய கோட்டைப் பகுதியில் இருக்கிற சின்னஞ்சிறிய கிளாரிந்தா ஆலயம். ஊர்க்காரர்களுக்கு அது பாப்பாத்தி அம்மாள் கோயில். கிளாரிந்தா தஞ்சாவூர் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. உடன்கட்டை ஏற இருந்தவளை லிட்டில்டன் என்கிற ஆங்கில அதிகாரி காப்பாற்றினார். அவரோடு வாழ்ந்து பாளையங்கோட்டைக்கு வந்தாள். அவர் உயிரோடு இருந்தவரை, கல்யாணமாகாமல் வாழ்கிறவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்றுவிட்டார் சுவார்ட்ஸ் ஐயர். லிட்டில்டன் இறந்த பிறகு 1778ல் கொடுத்தார். அவள் முயற்சியில் கட்டிய இந்தக் கோயிலை 1785ல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினாள்.

1780ல் எழுதிய முதல் சபைப் பட்டியலில் மொத்தம் 40 பேர். முதல் பேர் கிளாரிந்தா. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆச்சி இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பாளாம்: “அந்த நாப்பது பேர்ல ஒருத்தர் மறுவாரம் வரலைன்னா யாரு போய்ப் பாத்திருப்பா?” பதிலை அவள் எதிர்பார்ப்பதில்லை. அடுத்ததாக, போன வாரம் வராத பிள்ளைகளின் பெயரை வாசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

வெள்ளி, நாசரேத், மெஞ்ஞானபுரம், ஊர்

திருச்செந்தூர் போகிற பாசஞ்சர். ஜன்னல் சீட் கிடைத்தது. செய்துங்கநல்லூர் தாண்டியதும் வாழைத்தோட்டம், அப்புறம் தாமிரபரணிப் பாசனத்து வயல்.

ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றபோது அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள். 2023 டிசம்பர் 17 ராத்திரி பெய்த மழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் இங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றது. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல் நூற்றுக்கணக்கான பேர். அதே நேரம் எங்கள் ஊரில் குளம் உடைந்து தெருவில் இடுப்பளவு தண்ணீர். எல்லாரும் கோயிலுக்குள் ஏறிவிட்டார்கள். ஆச்சிக்கு அப்போது 85 வயது. பேரன்மார் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். ஐயர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கையில் ஆச்சி குறுக்கே கை தூக்கி, “ஐயரே, மேலத்தெரு கடைசி வீடு ரெண்டும் வரலை” என்றாளாம். தெருத்தெருவாக மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். லாரி டியூபைக் கட்டிக்கொண்டு பையன்கள் போய் அந்த இரண்டு வீட்டுக்காரர்களையும் கூட்டிவந்தார்கள். ஜெபத்தை இடையில் நிறுத்தியதற்கு ஐயரம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் என்றும் அம்மா சேர்த்துச் சொன்னாள்.

நாசரேத்தில் இறங்கினோம். முன்பு சாண்பத்து என்றிருந்த ஊர். 1876ல் வந்து 1908ல் இங்கேயே இறந்த கேனன் மர்காஷியஸ் ஐயர்தான் இந்த ஊரை ஊராக்கியவர். ஆஸ்பத்திரி, அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி, தச்சு முதலிய கைத்தொழில் சொல்லித்தந்த பள்ளி. அம்மா பிறந்ததும் இங்குள்ள ஆஸ்பத்திரியில்தான். கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு வேனில் ஏறிவிட்டோம். நாசரேத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இந்தத் தடவை நேரமில்லை.

மெஞ்ஞானபுரம் கோபுரம் ஊர் வருவதற்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. சுற்றி எங்கும் தேரி என்கிற செம்மணல் மேடு, பனை, உடைமரம். நடுவில் 192 அடிக் கோபுரம். வேல்ஸிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் கட்டிய தூய பவுலின் ஆலயம், 1847ல் பிரதிஷ்டை. அந்தக் காலத்தில் இந்த இடத்துக்குத் தண்ணீர் கிடையாது, காற்றடித்தால் மணல் வந்து வீட்டை மூடும் என்பார்கள். கிணறு வெட்டி, மரம் வைத்து, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, அப்புறம்தான் கோபுரம். கிட்டத்தில்தான் வெள்ளாளன்விளை, 1912ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பான அசரியா 1874ல் பிறந்த ஊர். 1903ல் பாளையங்கோட்டையில் அவர் முன்னின்று தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்கு உண்டியல் வைப்பது ஆச்சி வீட்டில் ஒரு கடமை. யார் வீட்டில் பிள்ளைக்கு மொட்டை, யார் வீட்டில் புது மாடு என்று ஒரு காரணத்தைச் சொல்லி அதில் காசு போட வைத்துவிடுவாள். எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கில் 91 வந்ததற்கு 91 ரூபாய் போட்டேன். நல்லவேளை, எல்லாப் பாடத்தையும் கூட்டவில்லை.

இனி ஊர். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் கமென்ட்டில் பாதிப்பேர் எனக்குச் சொந்தமாகிவிடுவார்கள்.

கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே காம்பவுண்டுக்குள். மணி ஒன்றுதான், இரண்டுக்கும் அதையே அடிப்பார்கள். முதலில் இருந்தது ஓலைக் கூரை போட்ட ஒரே கட்டிடமாம். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். இந்தப் பக்கத்துப் பழைய சபைகள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. இப்போது ஐந்து வகுப்பும் சேர்த்து இருபது சொச்சம் பிள்ளைகள். மஞ்சள் வேன் காலையில் வந்து மீதிப் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இப்போதைய தலைமையாசிரியைக்கு ஆச்சியைத் தெரியும். ஆச்சியிடம் படித்தவர். “இந்தப் பேனுக்குக் கீழ அவ்வொ உக்காரவே மாட்டாவ. பிள்ளைங்களுக்குக் காத்து வரணும்பாவ” என்று காட்டினார்.

தலைப்பில் இருக்கிற அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கத்துக்குக் காட்டுகிற வருகைப் பதிவேடு வேறு. அது பள்ளியில் இருக்கும். இது ஆச்சி தன் கைக்காசில் வாங்கிய ஒரு குயர் நோட்டு. பழுப்பு அட்டை, முதுகில் துணி ஒட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து நான்கு கட்டம்: பெயர், தகப்பனார், வராத காரணம், போய்ப் பார்த்த தேதி. நீல மை. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், ஆனால் காரணக் கட்டம் மட்டும் சுருக்கெழுத்து போல ஒற்றைச் சொல். ‘பனை’. ‘பனை’. ‘தம்பியைப் பார்க்க’. ‘கடை, மதராஸ்’. ‘பனை’. ‘கடை, பம்பாய்’. ‘சட்டை இல்லை’. ‘வயதுக்கு வந்தாள்’. திரும்பி வந்த பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு டிக். சிவப்பு குறைவுதான். பம்பாய் போன பையன்களுக்கு எதிரே நான் பார்த்த பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

‘பனை’ என்பதற்கு விளக்கம் வேண்டும். பங்குனி பிறந்தால் பதநீர்க் காலம். அப்பா விடியுமுன் பனை ஏறுவார், சாயங்காலம் மறுபடி ஏறுவார். இறக்கிய பதநீர் புளிக்குமுன் காய்ச்சியாக வேண்டும். அது அம்மா வேலை. அதற்காக ஊரைவிட்டுத் தோப்புக்குள்ளேயே விடிலி என்கிற ஓலைக் குடிசை போட்டுக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். ஆடி வரை அங்கேதான். ஓலையும் சுள்ளியும் பொறுக்கப் பிள்ளைகள் வேண்டும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ளப் பெரிய பெண் வேண்டும். காமராஜர் மதிய உணவு கொண்டுவந்த பிறகு வகுப்பு நிரம்பியது உண்மை. ஆனால் பங்குனியில் மறுபடி காலியாகிவிடும். ஆச்சி சாயங்காலம் பள்ளி விட்டதும் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு விடிலி விடிலியாகப் போவாள். திட்டுவதற்கு இல்லை. போய் உட்கார்ந்து, கொடுத்த பதநீரைக் குடித்துவிட்டு, அங்கேயே மணலில் குச்சியால் எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். வாரத்தில் இரண்டு நாள் அனுப்புகிறேன் என்று தகப்பன் ஒத்துக்கொண்டால் அன்றைக்கு வெற்றி.

சாயங்காலம் நானும் அப்படி ஒரு விடிலிக்குப் போனேன். இப்போது ஊரில் இரண்டு பேர்தான் ஏறுகிறார்கள். கொப்பரையில் பதநீர் காய்ந்து பாகாகி நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்கா ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார். பதம் வந்ததும் இறக்கிக் கிண்டி, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றினார். நெருப்பு, வெயில், ஈ. நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கண் எரிந்தது. ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “டீச்சரம்மா பேத்தின்னா சும்மாவா வந்தீய? எம் பிள்ளை ஸ்கூலுக்குத்தான் போயிருக்கான், நல்லாப் பாத்துக்கிடுங்க” என்று சிரித்தார். அவர் மாமியாரின் பெயர் நோட்டில் இருக்கிறதாம். அம்மா பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தாள். ‘தம்பியைப் பார்க்க.’ டிக் இல்லை.

சனி, முதலூர், இடையன்குடி

ஆச்சியின் நாள். காலை நான்கரைக்கு எழுந்து முழங்காலில் நிற்பது அவள் பழக்கம். இன்றைக்கு அம்மா எழுந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

சாத்தான்குளம் வழியாகப் போனோம். முதலூரில் இறங்கி மஸ்கோத் அல்வா வாங்கினோம். தேங்காய்ப் பாலில் கிண்டுவது, விரலில் எண்ணெயாக ஒட்டும். சாப்பாட்டுக் கதையில் மறந்துவிடுகிறோம், இந்த ஊர் 1799ல் உண்டானது. கிறிஸ்தவர்களானதால் அடித்து விரட்டப்பட்டவர்களுக்காகத் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடிவைத்த முதல் ஊர், அதனால் முதலூர்.

இடையன்குடி ஆச்சியின் பிறந்த ஊர். கால்டுவெல் 1838ல் மதராஸ் வந்து, 1841ல் அங்கிருந்து நடந்தே இந்த ஊருக்கு வந்தவர். நாற்பது வருஷத்துக்கும் மேல் இதுதான் அவர் வீடு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ல் வந்தது, எல்லாருக்கும் தெரியும். ஊருக்குள் நடந்தால்தான் இன்னொரு கால்டுவெல் தெரிகிறார்: தெருவை நேராகப் போட்டவர், கிணறு வெட்டியவர், 1847ல் அஸ்திவாரம் போட்ட கோயிலை 1880ல்தான் முடித்தவர். 33 வருஷம்! பணம் வரவர வேலை நடந்திருக்கிறது. 1891ல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வீடு இப்போது அரசு நினைவு இல்லம்.

ஆச்சிக்கோ கால்டுவெல்லைவிட அவர் மனைவி எலைசாதான் பெரிய ஆள். நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. இங்கே பெண் பிள்ளைகளுக்கு போர்டிங் பள்ளி தொடங்கினார். தன் தாய்வீட்டில் கற்ற லேஸ் பின்னலை இங்கே கொண்டுவந்தார். ஆச்சியின் அம்மா லேஸ் பின்னினவள்தான். உருண்டைத் தலையணை மேல் டிசைன் தாளை வைத்துக் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். விரல் அளவு அகலத்துக்கு ஒரு முழம் பின்ன நாட்கணக்காகும். அந்தக் கூலியில்தான் ஆச்சியின் பயிற்சிக்குத் துணிமணி வாங்கியிருக்கிறார்கள். பெண் கையில் காசு வந்தால் பெண் பிள்ளை படிக்கும் என்பதை யாரும் ஆச்சிக்குப் புத்தகத்திலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கோயில் உள்ளே நல்ல குளிர்ச்சி. அம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் சம்பந்தமில்லாமல் என் பெரியம்மா மகள் கதையை எடுத்தாள்.

அக்கா ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணினவள். மாப்பிள்ளை இந்து. ஆச்சி போகவில்லை. போகாததோடு நிற்காமல் நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதமும் எழுதினாள், வசன எண்களோடு. எனக்கு அந்தக் கடிதத்தை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஊர்ப் பிள்ளை ஒன்று ஒருநாள் வராவிட்டால் குடையைத் தூக்கிக்கொண்டு போகிறவள், சொந்தப் பேத்தி வீட்டுக்கு இரண்டு வருஷம் போகவில்லை. குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மதுரைக்குப் போய் நின்றாள். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு மாதம் தங்கி மருந்து இடித்துக் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள். அக்கா அதையே போதும் என்று எடுத்துக்கொண்டாள். நான் அக்காவாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். “நீ கேட்டிருப்ப, அவ பதில் சொல்லியிருக்க மாட்டா” என்றாள் அம்மா.

உவரி பக்கம்தான். கப்பல் மாதா கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டு இருட்டுமுன் ஊர் திரும்பினோம்.

ராத்திரி வீட்டில் பெரிய மாநாடு. நாளை ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும். லெந்து, அதாவது தவக்காலம், கறி கூடாது என்று அம்மா. கறி போடாவிட்டால் டீச்சர் பிள்ளைகள் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்கள் என்று சொல்வார்கள் என்று மாமா. ஆச்சி லெந்து நாற்பது நாளும் மீன்கூடத் தொடமாட்டாள் என்று சித்தி நினைவுபடுத்தியதும் மாமா அடங்கினார். சாம்பார், அவியல், வாழைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புப் பாயசம். கருப்பட்டி அந்த விடிலி அக்காவிடமிருந்து.

படுக்குமுன் குடும்ப ஜெபம். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் ‘இயேசு கண்ணீர் விட்டார்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். பைபிளில் இருக்கிற மிகச் சின்ன வசனங்களில் அது ஒன்று. ஒருநாள் வரிசையாக ஆறு பேரப்பிள்ளைகள் அதையே சொன்னதும் ஆச்சி, “அவரு ஒரு தடவைதான்ல விட்டாரு” என்று அந்த வசனத்துக்கே தடை போட்டுவிட்டாள். இன்றைக்கு என் முறை வந்தபோது வேறு எதுவும் வாயில் வரவில்லை. அதையேதான் சொன்னேன். சித்தி மகன் சிரித்துவிட்டான்.

ஞாயிறு, ஊர்

காலை ஆறரைக்குக் குருத்தோலை வந்து இறங்கியது. பனங்குருத்து, இளமஞ்சள் நிறம். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கிழித்துச் சிலுவை மடித்தார்கள். எனக்கு மறந்துபோயிருந்தது; பக்கத்து வீட்டுச் சிறுமி பொறுமையில்லாமல் பிடுங்கி மடித்துக் கொடுத்தாள்.

பவனி மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு. முன்னால் சிலுவை, பின்னால் பிள்ளைகள், பாடகர் குழு, அப்புறம் எல்லாரும். ‘ஓசன்னா’ என்று பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். பாதிப் பையன்களுக்கு ஓலை கையில் இல்லை, வாள் சண்டையில் முடிந்துவிட்டது.

ஆராதனையில் குடும்பத்தை முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள். ஐயர் சுருக்கமாகப் பேசினார். ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சுருக்கம் வாய்த்திருக்காது. பிரசங்கத்தில் ழகரம் தவறினால் சாயங்காலம் வீட்டுக்கே வந்து சொல்லிவிடுவாள் என்று முன்பிருந்த ஐயர்மார் எல்லாரும் தயாராகவே வருவார்களாம். இவர் ஒன்று சொன்னார், சிரிப்பு வந்தது. அவர் இந்தச் சேகரத்துக்கு வந்த புதிதில், கோயிலுக்கு வராத ஒருவரைப் போய் விசாரித்திருக்கிறார். அந்த ஆள் சொன்னாராம்: “ஐயரே, ஆண்டவருக்குப் பதில் சொல்லிக்கிடுவேன். டீச்சருக்குச் சொல்ல முடியாதுன்னுதான் இந்தப் பக்கத் தெருவுக்குக் குடிவந்தேன். இங்கயும் வந்துட்டாவ.”

ஆராதனை முடிந்ததும் வாசலில் காணிக்கைப் பொருள் ஏலம். முருங்கைக்காய் ஒரு கட்டு, நாட்டுக்கோழி ஒன்று, தேங்காய், முட்டை, புதிதாகக் காய்த்த மாங்காய். ஏலம் விடுகிறவர் நல்ல வாய்க்காரர். முருங்கைக்காய்க் கட்டை மாமாவும் எதிர்வீட்டுக்காரரும் போட்டி போட்டு ஏற்றி, கடைசியில் 620 ரூபாய்க்கு மாமா தலையில் விழுந்தது. சந்தையில் அறுபதுக்குக் கிடைக்கும். எதிர்வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

சாப்பாட்டுப் பந்தியில்தான் அந்த அண்ணாச்சி வந்தார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளைவேட்டி, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. மதராஸில் முப்பது வருஷம் மளிகைக்கடை வைத்திருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். அம்மாவைப் பார்த்ததும் முதல் கேள்வி: “அந்த நோட்டு ஒங்கிட்ட இருக்காமே?”

அம்மா எடுத்துக் கொடுத்தாள். இலையில் பாயசம் ஆறிக்கொண்டிருக்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். தன் பேர் கிடைத்தது. மூன்று இடத்தில் ‘பனை’. நான்காவது ‘கடை, மதராஸ்’. டிக் எதிலும் இல்லை.

“டீச்சரு விடிலிக்கு வந்து எழுதச் சொல்லுவாவ. எனக்குப் படிப்பு ஏறல, அவ்வொ மேல தப்புச் சொல்ல மாட்டேன்” என்றவர், விரலை ஒரு வரியில் வைத்து நிறுத்தினார். “ஆனா இது பொய்யி.”

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். மூன்றாவது ‘பனை’.

“அன்னைக்குப் பனைக்குப் போகல. காய்ச்சல். எங்க அய்யாகிட்டக் கேட்டு எழுதிட்டாவ, அவரு ஒளறிட்டாரு. மறுநாள் வகுப்புல என்னை நிப்பாட்டி வச்சுக் கேட்டாவ. நான் சொன்னேன், நம்பல.” அறுபது வருஷத்துக்கு முந்தைய கேஸ். குரல் நிஜமாகவே ஏறியிருந்தது. “திருத்தணும்லா?”

மாமா அந்த நோட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். அம்மா அவரைக் கண்டுகொள்ளாமல் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து நீட்டினாள். “நீங்களே எழுதுங்க அண்ணாச்சி.”

அவர் வலது கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ‘பனை’யை ஒரு கோடு போட்டு அடித்தார். கட்டம் சின்னது. பக்கத்தில் இடுக்கி இடுக்கி, மளிகைக்கடைச் சீட்டு எழுதுகிற சாய்வான எழுத்தில் எழுதி முடித்து, மூடியை மாட்டி, நோட்டைத் திருப்பி வைத்தார். ‘காய்சல்’ என்று எழுதியிருந்தது.

அம்மா பார்த்தாள். அம்மாவும் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள்.

“நடுவுல ஒரு ‘ச்’ வரணும் அண்ணாச்சி.”

“நீயுமா?” என்று மறுபடி பேனாவை வாங்கினார்.